எட்டாவது சுருதி

வீட்டு வாடகைச் சட்டத்தின் நாற்பத்தோராவது பிரிவை வாசித்துக்கொண்டிருந்த பெட்டி, பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, அப்போதுதான் இயக்கிவிட்டதைப் போல, "வணக்கம். தயார்" என்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்த விருந்தாளி திடீரென்று எழுந்துபோய், வாசலில் நின்று மறுபடி மணி அடிப்பதைப் போல இருந்தது. முதல் தடவை எல்லோரும் சிரித்தோம்.

சிரிக்காதவள் என் நாத்தனார் மட்டும்தான். பெட்டி அவளுடையது. தேர்வும் அவளுடையது.

அவளை நாங்கள் ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடுவோம். பன்னிரண்டு வயதில், தன் அண்ணனுக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் வந்த சைக்கிள் வழக்கில் இரண்டு தரப்பையும் தனித்தனியாக விசாரித்து, கடைசியில் சைக்கிளைத் தானே மூன்று நாள் ஓட்டியவள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். பதினைந்து வயதில் பார்வை முழுதாகப் போயிற்று, பெயர் போகவில்லை. சட்டம் படித்தாள். ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். நீதிபதித் தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டாம் முறை மூன்றே மதிப்பெண்ணில் கோட்டைவிட்டாள். இது மூன்றாவது முறை. அடுத்த ஆண்டு வயது வரம்பைத் தாண்டிவிடுவாள் என்பதால் இந்த முறை போனால் போனதுதான். பெட்டி வணக்கம் சொன்ன அன்று தேர்வுக்குப் பதினோரு நாள் இருந்தது.

பெட்டியைச் செய்தவள் நான். போனும் கம்ப்யூட்டரும்தான் எதையும் வாசித்துக் காட்டுமே, இது எதற்கு என்று கேட்பீர்கள். அவை எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசிக்கும். கதைக்கு அது போதும், சட்டத்துக்குப் போதாது. சட்டத்தில் ஒரு விதி, அதற்கு ஒரு விலக்கு, அந்த விலக்குக்கு ஒரு விலக்கு என்று உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். தட்டையாகக் கேட்டால் எந்த 'எனினும்' எந்த 'ஆனால்'-ஐ வெட்டுகிறது என்று புரியாது. என் பெட்டி ஒவ்வொரு உட்கூறுக்குள் நுழையும்போதும் குரலை ஒரு படி தாழ்த்தும். அது முடிந்ததும் ஒரு படி ஏற்றும். மொத்தம் பத்துப் படி வைத்திருந்தேன். ஜட்ஜம்மா அவற்றைச் சுருதி என்பாள். "அண்ணி, அந்த விலக்கு அஞ்சாவது சுருதில வருது, அதனால அது நாலாவதுக்குத்தான் பொருந்தும்" என்பாள். கண்ணால் படிக்கும் வக்கீல்களே அவளிடம் வந்து கேட்டுப் போனதுண்டு.

பெட்டிக்குள் ஓடும் நிரலை 'எறும்பு' என்ற சின்னக் கணினி மொழியில் எழுதியிருந்தேன். எழுதிய நிரலை வரிவரியாகப் படித்து அதன்படி நடத்திவைக்க ஒரு இன்டர்ப்ரெட்டர் வேண்டும். எறும்பின் இன்டர்ப்ரெட்டரை வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நாங்கள் ஐந்து பேர் ஆசைக்குப் பராமரிக்கிறோம். அது லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஒழுங்காக ஓடுவதற்கு நான் பொறுப்பு. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதில் குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டு மாதத்துக்கு முன் ஜட்ஜம்மா ஒரு புகார் கொடுத்திருந்தாள். நிறுத்தும் பட்டனை அழுத்தினால், பெட்டி அந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் நிற்கும். சட்டத்தில் ஒரு வாக்கியம் ஒரு பக்கத்துக்கு ஓடும். "நான் அழுத்தினது நேத்து, அது நிக்கிறது இன்னைக்கு" என்றாள். நியாயம்தான். அதனால் வேலையை இரண்டு இழையாகப் பிரித்தேன். த்ரெட் என்போம். ஒரே நிரலுக்குள் இரண்டு ஆள் மாதிரி: ஒருத்தர் பட்டனையே பார்த்துக்கொண்டிருப்பார், இன்னொருத்தர் வாசித்துக்கொண்டிருப்பார். அதே மத்தியானம், பெட்டி சீக்கிரம் விழிக்கட்டும் என்று, அதிலிருந்த பெரிய லினக்ஸை எடுத்துவிட்டு மிகச் சின்ன லினக்ஸ் ஒன்றைப் போட்டேன். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள் நான். செய்து முடித்ததும் ஒரு நூலகத்தின் விதிகளை வாசிக்கவிட்டுப் பார்த்தேன். மூன்றாவது சுருதி வரை போய், அழகாக மேலே ஏறி வந்தது. பட்டனைத் தொட்டதும் நின்றது. பெருமையாக இருந்தது.

அப்புறம்தான் இந்த வருடம் புதிதாகப் பாடத்தில் சேர்ந்த வாடகைச் சட்டம் வந்தது; பெட்டி வணக்கம் சொன்னது.

"அண்ணி, அது ஒரே எடத்துல நிக்குது" என்றாள் ஜட்ஜம்மா, முதல் நாளே.

"சரி, பாக்கறேன்" என்றேன்.

அவள் சொன்னது என் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. பயன்படுத்துகிறவர்கள் 'எப்பவும்' என்றால் இரண்டு தடவை என்று அர்த்தம். 'ஒரே எடத்துல' என்றால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் என்று அர்த்தம். இருபது வருடத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த திமிர் அது.

தவிர, இழைகளில் கோளாறு என்றால் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான் வரும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பொருளில் கை வைத்துவிட்டார்கள், யார் முந்தினார் யார் பிந்தினார் என்பதில் ஏதோ குழப்பம், அவ்வளவுதான். அந்த மாதிரிக் கோளாறு நேரத்துக்கு நேரம் மாறும். இன்று இங்கே விழும், நாளை அங்கே விழும், பார்க்க உட்கார்ந்தால் விழவே விழாது. எனக்கு அதைத் துரத்துவதில் தனி ருசி உண்டு. பெட்டியின் நிரலை, சத்தத்தை அணைத்துவிட்டு, என் மேஜைக் கம்ப்யூட்டரில் ஓட்டினேன். நாற்பத்தோராவது பிரிவு முழுதாக ஓடி முடிந்தது. மொத்தம் நாற்பது தடவை ஓட்டினேன். நாற்பது தடவையும் முடிந்தது. பார்த்தாயா, அவ்வப்போது வரும் கோளாறுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் ஐவரில் மூத்தவரைக் கூப்பிட்டேன். அவருக்குப் பூட்டுக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒரு இழை ஒரு பொருளைத் தொடும்போது இன்னொன்று தொடாமல் தடுக்கப் பூட்டு என்று ஒன்று போடுவோம். எந்தக் கோளாறுக்கும் அவரது மருந்து அதுதான்.

"பூட்டு போட்டீங்களா மேடம்?"

"நாலு இருக்கு சார்."

"பத்தாது. குரல் மாத்தற எடத்துல போட்டீங்களா?"

போடவில்லை. போட்டேன். பெட்டி நாற்பத்தோராவது பிரிவில் வணக்கம் சொன்னது.

மூன்றாம் நாள், எந்த நொடியில் விழுகிறது என்று தெரிந்துகொள்ள, பெட்டிக்குள் வழிநெடுகக் குறிப்பு எழுதவைத்தேன். இன்டர்ப்ரெட்டர் ஒவ்வொரு அடி வைக்கும்போதும், இங்கே வந்தேன், அங்கே போனேன் என்று ஒரு வரி எழுதும். அன்று மாலை ஜட்ஜம்மா என் அறை வாசலில் வந்து நின்றாள். முன்னறையில் அவள் மேஜை, பின்னறையில் என் மேஜை. நடுவில் பதினான்கு அடி. அவள் எண்ணி வைத்திருக்கிறாள்.

"இப்ப ஒரு படி முன்னாடியே நின்னுடுது அண்ணி."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. குறிப்பு எழுதுவது நேரத்தை எடுக்கும். நேரம் மாறினதும் விழும் இடமும் மாறிவிட்டது. ஆகவே இது முந்துவது பிந்துவது பற்றிய கோளாறேதான்! பூட்டுக்காரருக்குப் போன் போட்டு இதைச் சொன்னபோது அவருக்கும் சந்தோஷம். இருவரும் கைகோத்து அடுத்த மூன்று நாளில் இன்னும் ஆறு பூட்டுப் போட்டோம்.

ஆறாம் நாள் காலை பெட்டி வணக்கம் சொல்வதையும் நிறுத்திவிட்டது. வாசிக்கும் இழை பட்டன் இழைக்காகக் காத்திருந்தது. பட்டன் இழை வாசிக்கும் இழைக்காகக் காத்திருந்தது. 'நீங்க முதல்ல போங்க' என்று வாசலில் இரண்டு மரியாதைக்காரர்கள் நின்றுவிட்டால் வீட்டுக்குள் யார் போவது? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. பூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பெட்டி மறுபடி பழைய இடத்தில் விழும் நிலைக்குக் கொண்டுவரவே அன்று பொழுது போயிற்று.

அந்த ஒரு நாள் முழுக்க ஜட்ஜம்மாவுக்குப் படிப்பு இல்லை. என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலுக்கு மத்தியானம் லீவு போட்டுவிட்டு, போனில் சட்டத்தைத் திறந்து வைத்துத் தங்கைக்கு வாசித்துக் காட்ட உட்கார்ந்தார். நல்ல மனிதர். ஆனால் காற்புள்ளி என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. நடுநடுவே சொந்தக் கருத்து வேறு.

"'பழுதுபார்ப்பின் பொருட்டு அல்லாமல்'... பின்ன? செவுரு இடிஞ்சு விழற வரைக்கும் பாத்துக்கிட்டு இருப்பாங்களா?"

"அண்ணா, அது சட்டத்துல இருக்கா, நீ சொல்றியா?"

"நான் சொல்றேன்."

"நீ சொல்லாத. அத வாசி."

நாலாவது உட்கூறில் அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். "இது சட்டமா, சிக்கு விழுந்த நூலா? கியர் மாத்தாமயே மலையேற முடியுமா?" என்றார். தன்னை அறியாமல் பெட்டி எதற்கு வேண்டும் என்பதை அவர்தான் எல்லோரையும்விட நன்றாகச் சொன்னார். ஜட்ஜம்மா சிரித்தாள். ஆனால் அவள் விரல் மேஜை விளிம்பைத் தட்டிக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன். அன்றைய நாளை விட்டால் இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. நாற்பத்தொன்று மட்டுமில்லை, பத்தொன்பது பிரிவுகளில் பெட்டி விழுந்தது. அந்தச் சட்டத்துக்குக் கேள்வித்தாளில் இருபது மதிப்பெண். மூன்று மதிப்பெண்ணில் தோற்றவளுக்கு இருபது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமலில்லை.

அது தெரிந்ததால்தான் எனக்குப் பயம் வந்தது. எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

மறுநாள் காலை அவள் வந்து, "அண்ணி, இன்னைக்கும் அதே எடம்" என்றதும் வெடித்தேன்.

"அதே எடம் அதே எடம்னு சொல்லாத! இந்த மாதிரி கோளாறு அதே எடத்துல வராது. வரவே வராது. நீ சரியா கவனிக்கல."

சொன்ன அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். கவனிப்பதையே உயிராக வைத்துக்கொண்டிருப்பவளிடம் போய்ச் சொன்ன பேச்சா அது? அவள் திரும்பிப் போனாள். பதினான்கு அடி. அறைக் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். மறுபடி பதினான்கு அடி நடந்து வந்தாள். கையில் பிரெய்ல் தாள்கள் இருந்தன.

"அண்ணி, உங்களுக்கு எதிரா ஒரு சாட்சி இருக்கு. விசாரிக்கலாமா?"

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்கார்ந்து, தாளை மடியில் வைத்து, விரலை ஓடவிட்டாள்.

"ஒண்ணாம் நாள். பிரிவு நாப்பத்தொண்ணு. கடைசி வார்த்தை 'கூறினால்'. ரெண்டாம் நாள், நாப்பத்தொண்ணு, 'கூறினால்'. மூணாம் நாள் காலைல 'கூறினால்'. மூணாம் நாள் சாயங்காலம், நீங்க என்னமோ எழுதவெச்சதுக்கு அப்புறம், 'நீங்கலாக'. அது ஒரு படி மேல. நீங்க எழுதவெச்சத எடுத்ததும் மறுபடி 'கூறினால்'."

"ம்."

"ஒரு சாட்சி ஒம்பது தடவை ஒரே மாதிரி சொன்னா, ஒண்ணு யாரோ சொல்லிக் குடுத்திருக்கணும், இல்ல உண்மையா இருக்கணும். அதனால நான் குறுக்கு விசாரணை பண்ணினேன். வேற பிரிவ எல்லாம் வாசிக்கவிட்டேன். பன்னெண்டு, இருபத்தாறு, முப்பத்தொம்பது... மொத்தம் பத்தொம்பது. வார்த்தை எல்லாம் வேற வேற. சிலது ரெண்டு நிமிஷத்துல நிக்குது, சிலது எட்டு நிமிஷம் ஓடித்தான் நிக்குது. ஆனா எல்லாத்துலயும் ஒண்ணு மட்டும் ஒரே மாதிரி."

"என்னது?"

"எல்லாம் ஏழாவது சுருதி முடியற எடம். நீங்க பட்டன சரி பண்ணினதுக்கு அப்புறம் எட்டாவது சுருதிய நான் கேக்கவே இல்ல அண்ணி. பழைய பெட்டில கேட்டிருக்கேன். நல்லா அடித்தொண்டைல இருக்கும். இப்ப அது வர்றதே இல்ல."

திருடன் தினமும் ஒரே நேரத்துக்கு வந்து மணி அடித்தால் அவன் திருடனில்லை, பால்காரன். ஒரு வாரமாக நான் பால்காரனைப் பிடிக்கக் கதவுக்குக் கதவு பூட்டு மாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேரம் இல்லை, ஆழம். அதுதான் கோளாறு.

அவளுக்கு அதை இப்படிச் சொன்னேன்: வாசிக்கும் இழை ஒவ்வொரு உட்கூறுக்குள் நுழையும்போதும், திரும்பி எங்கே வரவேண்டும் என்று ஒரு சீட்டு எழுதித் தன் மேஜையில் அடுக்கிக்கொள்ளும். மேலே ஏறும்போது ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பார்த்து வழி கண்டுபிடிக்கும். என் கம்ப்யூட்டரின் பெரிய லினக்ஸ் ஒவ்வொரு இழைக்கும் சாப்பாட்டு மேஜை அளவு இடம் கொடுக்கிறது. அதனால்தான் என்னிடம் நாற்பது தடவையும் ஓடியது. பெட்டியில் இருக்கும் சின்ன லினக்ஸ் சிக்கனக்காரன். தலைமை இழைக்குத்தான் மேஜை. புதிதாகப் பிறக்கும் இழைக்கு, கேட்டு வாங்காவிட்டால், ஒரு முக்காலிதான். ஏழு படிக்கான சீட்டு அதில் நிற்கும். எட்டாவதை வைத்ததும் மொத்தமும் சரிந்துவிடும்.

"அப்ப நீங்க குறிப்பு எழுதவெச்சப்ப ஒரு படி முன்னாடியே நின்னுது?"

"குறிப்பு எழுதறதுக்கும் அதே முக்காலில எடம் வேணும். நான் போய் அதுமேல ஒரு மூட்டைய வெச்சிருக்கேன்."

அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து யோசித்தாள். வாதம் பிடித்துவிட்டால் அப்படித்தான் செய்வாள். "எடம் போதலன்னா அது வாயத் தொறந்து சொல்லாதா?"

நல்ல கேள்வி, எனக்குத்தான் அவமானம். எறும்பின் இன்டர்ப்ரெட்டரில் அதற்கு ஒரு காவல் இருக்கிறது. ஆயிரம் சீட்டுக்கு மேல் போனால், 'ரொம்ப ஆழம்' என்று சொல்லிவிட்டு மரியாதையாக நிற்கும். அந்த ஆயிரத்தை எழுதியவள் நான்தான். ஒன்பது வருடத்துக்கு முன், பெரிய லினக்ஸின் மேஜையை அளந்து எழுதினேன். உலகத்தில் எல்லோர் வீட்டிலும் அதே மேஜைதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அதற்கும் ஒரு படி மேலே போய், ஆடுவதைப் பார்த்துச் சொன்னவளையே குறை சொல்லியிருக்கிறேன்.

"மன்னிச்சுக்க" என்றேன். "கவனிக்காதது நான்தான்."

"தீர்ப்ப அப்புறம் சொல்றேன். முதல்ல முக்காலிய மாத்துங்க."

மாற்றுவது ஒரு வரி வேலை. வாசிக்கும் இழை பிறக்கும்போதே, இவ்வளவு இடம் கொடு என்று கேட்க வேண்டும். இனி இந்தத் தொல்லையே வரக்கூடாது என்று ஐந்நூறு மெகாபைட் கேட்டேன். பெட்டியின் மொத்த நினைவகமே அதில் பாதிதான். இழை பிறக்க மறுத்துவிட்டது. பெட்டி வணக்கம்கூடச் சொல்லவில்லை. பேராசை பெருநஷ்டம். எட்டு மெகாபைட் என்று அடக்கமாகக் கேட்டேன், கொடுத்தது. காவலையும் திருத்தினேன்: சீட்டை எண்ணாதே, மேஜையில் மிச்சம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார், அது எந்த வீட்டு மேஜையாக இருந்தாலும் சரி. இதற்கு மத்தியானம் மூன்று மணி ஆயிற்று.

பெட்டியை முன்னறை மேஜையில் வைத்தேன். வீட்டுக்காரர் அடுத்த மாணவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, கார்ச் சாவியைக் கையில் வைத்தபடியே வந்து நின்றார். ஜட்ஜம்மா இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டாள். நாற்பத்தொன்றை அழுத்தினேன்.

வீட்டு உரிமையாளர் எவரும் குடியிருப்பவரை வெளியேற்றலாகாது என்று பெட்டி தன் இயல்பான குரலில் தொடங்கியது. பழுதுபார்ப்பின் பொருட்டு அல்லாமல் என்று ஒரு படி இறங்கியது. எனினும், அப்பழுது குடியிருப்பவரால் நேர்ந்ததாயின் என்று இன்னொரு படி. அவர் அதனை முன்னரே தெரிவித்திருந்தால் ஒழிய. அவ்வாறு தெரிவித்தமைக்கு எழுத்துமூலச் சான்று வேண்டும். எழுதவோ படிக்கவோ இயலாதவர் நீங்கலாக. அத்தகையவர், தாம் வாய்மொழியாகத் தெரிவித்ததாகக் கூறினால்.

வணக்கம் வரப்போகிறது என்று என் காது காத்திருந்தது.

"அக்கூற்றே போதிய சான்றாகக் கொள்ளப்படும்" என்றது பெட்டி, அடித்தொண்டையில்.

பிறகு ஒவ்வொரு படியாக மேலே ஏறத் தொடங்கியது. ஏழு, ஆறு, ஐந்து என்று விட்ட வாக்கியங்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு, முதல் குரலுக்கு வந்து நின்றது.

நாற்பது தடவை இந்தப் பிரிவை நான் ஓட்டியிருக்கிறேன், சத்தத்தை அணைத்து வைத்து. ஒரு தடவைகூட அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்ததில்லை. படிக்க முடியாதவர் வாயால் சொன்னால் அதுவே போதும் என்று சட்டமே சொல்லியிருக்கிறது. அதை வாசிக்க விடாமல் ஒரு வாரம் தடுத்துக்கொண்டிருந்தது, அப்படிச் சொன்னவளை நம்பாத என் புத்தி. யாராவது இதைக் கதையாகச் சொல்லியிருந்தால் ஜோடித்தது என்றிருப்பேன்.

முதலில் சிரித்தது ஜட்ஜம்மாதான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அண்ணி, கேட்டீங்களா? இது சட்டம். மேல்முறையீடு கிடையாது."

"தீர்ப்பு என்ன?" என்றார் வீட்டுக்காரர், சாவியை ஆட்டிக்கொண்டே.

"குற்றவாளி நாலு நாளைக்கு எனக்கு டீ போட்டுக் குடுக்கணும். பெட்டிய தொடக்கூடாது."

நாலு நாளும் போட்டுக் கொடுத்தேன். பத்தொன்பது பிரிவுகளும் அவள் அறையிலிருந்து இறங்கி ஏறிக்கொண்டே இருந்தன. பெட்டி எட்டாவது சுருதிக்கு இறங்கும்போதெல்லாம் நான் பின்னறையில் வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். ஒரு தடவைகூட வணக்கம் வரவில்லை.

தேர்வு எழுதிவிட்டு வந்தவள் நன்றாக எழுதினேன் என்றோ எழுதவில்லை என்றோ சொல்லவில்லை. கேள்விகளைப் படித்துச் சொன்ன அம்மாள் எல்லாவற்றையும் ஒரே குரலில் படித்தாராம். "நான் உள்ளுக்குள்ள எறக்கி ஏத்திக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரமே எறும்பின் இன்டர்ப்ரெட்டரில் திருத்தத்தைச் சேர்த்தேன். பூட்டுக்காரர் நொந்துகொண்டார், போட்ட பூட்டெல்லாம் வீண்தானா என்றார். புதிய பதிப்போடு ஒரு பட்டியல் வெளியிடுவோம். என்ன பிழை, யார் கண்டுபிடித்தது, அவர் என்ன செய்கிறார் என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த வரிக்காக ஜட்ஜம்மாவிடம் போனேன்.

"பேரு எல்லாம் வேண்டாம்" என்றாள். "வீட்ல கூப்பிடற பேரயும் போட்டுடாதீங்க. இன்னும் ஆகல."

"அப்ப என்னன்னு போடறது? காலியா விட்டா பூட்டுக்காரர் வந்து அதுக்கும் ஒரு பூட்டு போட்டுடுவாரு."

"சாட்சின்னு போடுங்க. இப்போதைக்கு அதுதான் உண்மை."

'கண்டுபிடித்தவர்: ஒரு சாட்சி' என்று போட்டேன். புதிய பதிப்பு அப்படியே வெளிவந்தது. தொலைவில் யாரோ ஒருவர், தன் கருவியும் இதே மாதிரி விழுந்துகொண்டிருந்ததாகவும் இப்போது விழவில்லை என்றும், சாட்சிக்குத் தன் நன்றி என்றும் எழுதியிருந்தார். அவளுக்கு அதை வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

ஏழு வாரம் கழித்து ஒரு காலையில் முன்னறையிலிருந்து பதினான்கு அடியும் தடதடவென்று ஓடி வந்தது. அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு, போனை என் பக்கம் நீட்டினாள். போனின் தட்டைக் குரல் ஒரு பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தது. "இன்னொரு தடவை நீங்க படிங்க அண்ணி. இது எல்லாத்தையும் ஒரே குரல்ல படிக்குது. எனக்கு நம்பிக்கை இல்ல."

படித்தேன். அவள் எண் பதினேழாவது இடத்தில் இருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகில் தட்டிக்கொண்டே, "சரி சரி, நீதிமன்றத்துல அழக்கூடாது" என்றாள்.

அன்று மத்தியானம் எறும்பின் பட்டியலைத் திறந்து, ஒரு சொல்லை மாற்றினேன். ஏற்கெனவே வெளியான பதிப்பில் கை வைத்தால் எங்கள் ஐவரில் யாராவது ஒருவர் காரணம் கேட்டே தீருவார். கேட்டவர் பூட்டுக்காரர்.

"'சாட்சி'ய எடுத்துட்டு 'நீதிபதி'ன்னு போட்டிருக்கீங்களே மேடம், நிரல்ல ஒரு எழுத்துகூட மாறலையே. எதுக்கு இந்த மாற்றம்?"

காரணம் எழுதும் இடத்தில் எழுதினேன்: தேர்வு முடிவு வந்துவிட்டது.